மாதாவை எங்கே வைத்தீர்கள்?

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மாதா கோயில் திருவிழா ஃபிளெக்ஸ் அச்சுக்குப் போகுமுன் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருக்கிறது. மேலே ஒரு மூலையில் ஆயர், மறுமூலையில் பங்குத்தந்தை. நடுவில், ஒன்பது நாள் நவநாள் வழிபாட்டின் மறையுரையாளர்கள் வரிசையாக. கீழே வட்டம் வட்டமாக உபயதாரர்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு, இன்னொருவர் கைப்பேசியைக் காதில் வைத்தபடி. மாதாவைத் தேடினேன். தேர்பவனி நேரம் போட்டிருக்கும் இடத்துக்குப் பின்னால் மங்கலாக நிற்கிறார்.

"சினிமா ரசிகர் மன்ற போர்டு மாதிரி இருக்கிறது" என்று குழுவில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். எனக்கு அந்த ஒப்பீட்டில் உடன்பாடு இல்லை. ரசிகர் மன்றத்தை இப்படிக் குறைத்துப் பேசக்கூடாது.

அண்ணா சாலையில் கட் அவுட் நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறிய புகைப்படத்தைக் கட்டம் போட்டுப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கித் துணியிலும் பலகையிலும் வரைந்து, சவுக்குக் கம்பு கட்டி நிமிர்த்தினார்கள். உடையையும் பின்னணியையும் சீடர்கள் பூசுவார்கள். முகத்தை மட்டும் தலைமை ஓவியர்தான் தொடுவார். கன்னத்தில் ரோஜா நிறம், தாடைக்குக் கீழே நீலமோ பச்சையோ. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வண்ணத் தீற்றல்கள்தான். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் முகம் உயிரோடு இருக்கும். எந்தத் தொலைவிலிருந்து, எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை அது. நாயகன் யார் என்பதில் ஒருவருக்கும் ஐயம் வராது. டிஜிட்டல் அச்சு வந்தபோது அந்தக் கைகளுக்கு வேலை போயிற்று. முகம் சேர்ப்பது மலிவானது. நாயகனின் காலடியில் மன்றத் தலைவர், செயலாளர், அவருடைய மைத்துனர் என்று ஒவ்வொருவராக ஏறினார்கள். கோயில் வளாகங்களுக்குள் வந்து சேர்ந்தது இந்தக் கடைசிக் கட்டம் மட்டுந்தான். ஓவியரின் கணக்கு வரவில்லை.

கடன் வாங்குவதில் எனக்குக் குறையே இல்லை. தமிழ்க் கிறிஸ்தவக் கலை என்று நாம் பெருமைப்படுவதில் பெரும்பகுதி இந்த மண்ணிடம் வாங்கியதுதான். வீரமாமுனிவர் கோனான்குப்பத்துப் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் வரைந்து அனுப்பி, மணிலாவில் சுரூபமாக (சிலையாக) செய்வித்து வரவழைத்தார் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா புடவை உடுத்திக்கொண்டுதான் நிற்கிறார். சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையினரும் சளைத்தவர்கள் அல்லர்: 1921-இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஆலயத்தைத் திராவிடக் கோயில் பாணியில் எழுப்பினார்கள். தேர், சப்பரம், கொடிமரம் எல்லாமே இப்படி வந்தவைதான். அப்படி வாங்கியவர்கள் நல்லதைத் தேர்ந்து வாங்கினார்கள். பிறகு அதை வைத்து யாரை உயர்த்த வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"இதெல்லாம் ரசனை சார்ந்தது, திருச்சபைக்கு இதில் என்ன?" என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் 124, 125 எண்களைப் படிக்கட்டும். வெறும் பகட்டைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்கிறது முன்னது. கோயிலில் படங்களும் சுரூபங்களும் அளவோடு இருக்க வேண்டும், எது எங்கே என்ற ஒழுங்கு சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மக்கள் குழம்புவார்கள் என்கிறது பின்னது. அது கோயிலுக்குள் இருப்பவற்றுக்குச் சொன்னது, வாசல் ஃபிளெக்ஸுக்கு அல்ல என்று வாதாடலாம். சரி, உள்ளே போவோம். பீடத்துக்குப் பின்னால் நிறம் மாறி மாறி ஓடும் சீரியல் விளக்கு. பக்கத்தில் எல்இடி திரை. திருப்பலியில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போதும் அதில் முந்தின பாடலின் வரிகள் நிற்கின்றன. முழந்தாளிடும் பலகையில்கூட உபயம் இன்னார் என்று எழுதியிருக்கிறது. (முழங்காலால்தான் படிக்க வேண்டும்.)

இதற்கிடையில் ரசிகர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் வெளியிடும் 'காமன் டிபி'யைப் பாருங்கள். எல்லாரும் ஒரே படத்தைத்தான் தங்கள் சமூக ஊடகக் கணக்கின் முகப்பில் வைப்பார்கள். ஒரு முகம், கையால் வடித்த தமிழ் எழுத்து, தேதி. செய்தவர் பெயர் ஓரத்தில் கடுகளவு. பலர் கணினியில் தாமாகவே கற்றுக்கொண்ட இளைஞர்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் பாடகர் குழுவிலேயே இருக்கிறார்கள். திருவிழா வேலைக்கு அவர்களை அழைத்தோமா? நாற்காலி அடுக்க அழைத்தோம்.

சாலையோரத்தில் வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். அப்போது முன்னணி நடிகர்கள் சிலரே தங்களுக்குப் பேனர் வைக்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். நமக்கு அதைவிடக் குறைவாகவா பொறுப்பு இருக்க வேண்டும்? கோயில் மதிலுக்கு வெளியே ஒரு போர்டும் வேண்டாம்.

பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபிளெக்ஸுக்குப் பதிலாகத் துணி. அதில் மாதா ஒருவரே படமாக இருக்கட்டும். ஆயர், பங்குத்தந்தை, மறையுரையாளர்கள் பெயர்கள் எழுத்தில் வரட்டும். பொறுப்பைப் பாடகர் குழுவின் அந்த இருவரிடம் கொடுங்கள், வேலைக்குக் கூலியும் கொடுங்கள். உபயதாரர்கள் மனம் வருந்துவார்கள் என்று பொருளாளர் அஞ்சுகிறார். அவர்கள் பெயர்களை நவநாள் முடிந்ததும் அறிவிப்பில் வாசியுங்கள்; ஏற்கெனவே நீளமான அறிவிப்பு, இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்கிறோம். முதல் பெயராக என் பெயரையே நீக்கச் சொல்லியிருக்கிறேன். அன்னதான அரிசிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன், பொருளாளர் நிம்மதியாக இருக்கலாம்.