வாயு உணரி பூஜ்யம் காட்டுவது பற்றி ஒரு திருத்தம்

கட்டுப்பாட்டுப் பலகையில் பிழை விளக்கு எரியாமல் வாயு அளவு பூஜ்யத்தில் நின்றால், வாயுக் கசிவைக் கண்டறியும் உணரி நன்றாக இயங்குகிறது, தனியே சோதிக்கத் தேவையில்லை என்று மேலே நண்பர் ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான தவறு. உணரி பலகைக்கு அனுப்பும் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்சமிக்ஞையில் 4 என்பதே பூஜ்ய வாயு அளவு; கம்பி அறுந்தால் மின்னோட்டம் அதற்கும் கீழே விழுவதால் பலகை பிழையைக் காட்டிவிடும் என்பது வரை அவர் சொல்வது சரி.

ஆனால் எரியும் வாயுக்களுக்குப் பரவலாகப் பொருத்தப்படும், பெல்லிஸ்டர் எனப்படும் வினையூக்கி வகை உணரியில் (வாயுவை வினையூக்கியின் மேல் எரித்து, அந்த வெப்பத்தால் அதை அறிவது), சிலிகோன் கலந்த மசகு, சீலன்ட், பாலிஷ் போன்றவற்றின் ஆவி பட்டு வினையூக்கி செயலிழந்த பின்னும் மின்சுற்று பழுதின்றியே இருக்கும்; மீத்தேன் சூழ்ந்து நின்றாலும் அது அதே 4 மில்லிஆம்பியரை அனுப்பிக்கொண்டிருக்கும். வாயு உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளியை அளந்து அறியும் அகச்சிவப்பு உணரிக்கு, வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும் இந்த நஞ்சேற்றம் இல்லை, எனினும் அது ஹைட்ரஜனை அறியாது.

ஆகவே செறிவு தெரிந்த சோதனை வாயுவை உணரியின் மேல் செலுத்தி, அளவு ஏறுகிறதா, எச்சரிக்கை ஒலிக்கிறதா, அடைப்பு வால்வு மூடுகிறதா என்று தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியில் பார்த்தே தீர வேண்டும். பராமரிப்புப் பணியாளர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால், அந்த வரியை நீக்கிவிடுமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.