கூட்டம் குறைஞ்சு மூடலை, இரும்பு துருப்பிடிச்சு மூடுனாங்க

இங்கிலாந்துல லிவர்பூல் துறைமுகத்த ஒட்டி மேம்பாலத்துல ஓடுன லிவர்பூல் ஓவர்ஹெட் ரயில்வே பத்தி கட்டுரை எழுதுனதுக்கு ரொம்ப நன்றிங்க, ஆனா பஸ்ஸும் காரும் வந்து கூட்டம் குறைஞ்சதால மூடுனாங்கன்னு போட்டிருக்கீங்களே, அது சரியில்ல. கடைசி வரைக்கும் அதுல ஆளு ஏறிட்டுதான் இருந்தாங்க, துறைமுகத் தொழிலாளிங்க வேலைக்குப் போறதே அதுலதான். மழை பெஞ்சா அந்தப் பாலத்துக்கு அடியிலயே நனையாம நடந்து போவாங்க, அதனாலதான் தொழிலாளிங்க குடைன்னே அதுக்குப் பேரு.

உண்மையான காரணம் இரும்பு. 1893ல திறந்தது, உலகத்துலயே கரன்ட்ல ஓடுன முதல் மேம்பால ரயில். ஆனா அதுக்கு நேர் கீழயே துறைமுகத்தோட கூட்ஸ் லைன், அதுல நிலக்கரி இன்ஜின் ஓடும், அந்தப் புகையும் நீராவியும் தினம் மேல போய் தண்டவாளத்தத் தாங்குற இரும்புத் தகடுல படிஞ்சு படிஞ்சு அரிச்சிடுச்சு. 1955ல சோதிச்சுப் பாத்தப்ப சரி பண்ண 20 லட்சம் பவுண்டு ஆகும்னு சொன்னாங்க. 1948ல மத்த ரயில்வேயெல்லாம் அரசு எடுத்துக்கிச்சு, இத மட்டும் எடுக்கல, தனியார் கம்பெனியாவே விட்டுட்டாங்க, அவ்வளவு பணத்துக்கு அவங்க எங்க போவாங்க? மாநகராட்சியும் துறைமுக வாரியமும் கை விரிச்சிட்டாங்க. 1956 டிசம்பர் 30ல கடைசி வண்டி, அடுத்த வருஷமே இடிக்க ஆரம்பிச்சாச்சு. 1941ல ஜெர்மன் குண்டு விழுந்தப்பகூட ரிப்பேர் பண்ணி ஓட்டுன லைன்ங்க அது, அநியாயம். ஒரு பெட்டி மட்டும் லிவர்பூல் மியூசியத்துல இருக்கு, முடிஞ்சா அந்தப் படத்தையும் கட்டுரையில சேருங்க.