காக்ளியர் கருவி வேண்டாம் என்பது அறியாமையா?

“காக்ளியர் கருவி பொருத்தினால் காது முழுதாகக் கேட்கும், மறுப்பவர்கள் அறியாமையால் வாழ்வைப் பாழாக்கிக்கொள்கிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதன் இரண்டு பாதிகளும் தவறு.

காக்ளியர் கருவி என்பது அறுவைசிகிச்சை செய்து உட்காதில் பொருத்தப்பட்டு, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் சாதனம்; ஒலியைப் பிடிக்கும் அதன் இன்னொரு பகுதி வெளியே மாட்டப்படும். அது இயல்பான செவித்திறனைத் திருப்பித் தராது. உட்காதில் ஒலியை உணரும் ஆயிரக்கணக்கான மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை, சுமார் 12 முதல் 22 மின்முனைகளைக் கொண்டு செய்ய முயல்கிறது. பலருக்கு அது பெரும் உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேட்கும் ஒலி பேச்சாகப் புரிய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறல்தான். தூங்கப் போகும்போது வெளிப்பகுதியைக் கழற்றிவைத்தால் பலருக்கு மறுபடி எதுவும் கேட்காது. பிறவியிலிருந்தே கேளாமல், சைகைமொழியில் வளர்ந்து பெரியவரான ஒருவருக்குப் பேச்சைப் புரிந்துகொள்வதில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் குறைவு. அவர் எல்லாம் யோசித்து ‘வேண்டாம்’ என்றால், அதை அறியாமை என்பது அநியாயம்.

சைகைமொழியைத் தாழ்வாகப் பார்க்கும் பழைய எண்ணமே இதற்கு வேர். 1880இல் மிலானில் கூடிய கேளாதோர் கல்வி மாநாடு உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசவைக்கும் பேச்சுமுறையே மேல் என்று தீர்மானித்துச் சைகையை ஒதுக்கியது. அதே மாநாடு 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடியபோது அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

இன்னொன்று: கருவி பொருத்திக்கொண்டவர்களிலும் பலர் சைகைமொழியைக் கைவிடுவதில்லை.