மலையில் மாஸ்க், லயத்தில் மூச்சு

கொவிட் போய் வருஷக்கணக்காகியும் மாஸ்க் சண்டை ஓயக் காணோம். தேயிலைத் தோட்டத்தில் நாலு பேருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் போதும், "பழையபடி மாஸ்க் போடச் சொல்லுங்க" என்று ஒருவர் பதிவு போடுவார். கீழே, "அப்பவே மாஸ்க்கும் லொக்டவுனும் ஏமாத்து வேலைதானே" என்று பத்துப் பேர் வந்து நிற்பார்கள். இரண்டு கட்சியும் கொழும்பு வீட்டை மனதில் வைத்துத்தான் பேசுகிறது: ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஜன்னல், மாதம் முடிந்தால் சம்பளம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக ஒட்டிய சிறு அறைகளில் வாழும் லயத்துக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. எந்த இடத்தில் மாஸ்க் வேண்டும், எந்த இடத்தில் அது வீண் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

2020 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி நினைவிருக்கும். 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் பொது இடத்தில் மாஸ்க் கட்டாயம், ஒரு மீற்றர் இடைவெளி, மீறினால் 10,000 ரூபா வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. கொழுந்து பறிக்கும் மலைக்கும் ரோதை (மெஷின் சக்கரம்) ஓடும் தேயிலை பெக்டரிக்கும் அந்தச் சட்டத்தில் ஒரே அளவுகோல். அதனால் நடந்தது என்ன? காற்று வீசும் மலையில் மாஸ்க்கை இறக்கினால் அதட்டல். அதே ஆட்களை லொறியில் தோளோடு தோள் நெருக்கி ஏற்றும்போது கேட்பாரில்லை.

கொவிட் கிருமி பெரும்பாலும் பரவுவது மூச்சிலும் பேச்சிலும் வரும் நுண்துளிகளால். மூடிய இடத்தில் அவை மணிக்கணக்கில் மிதக்கும், வெளியில் காற்று கலைத்துவிடும். "இது காற்றில் பரவாது" என்று 2020 மார்ச்சில் அடித்துச் சொன்ன உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றிக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது. அந்த இடைவெளியில்தான் நாம் கடை வாசலில் கை கழுவப் பீப்பாய் வைத்தோம் (பாதி நாள் அதில் தண்ணீர் இருக்காது), தெருவுக்குக் குளோரின் அடித்தோம், நுவரெலியாக் குளிரில் விறைத்த மணிக்கட்டில் வெப்பமானியை நீட்டி "34, போங்க" என்றோம். குளிர்ந்த தோலில் அந்தக் கருவி காய்ச்சலைக் குறைத்துத்தான் காட்டும். போதாததற்கு, காய்ச்சல் தொடங்க ஓரிரு நாள் முன்பே ஆள் மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார்.

நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிறவர்களுக்கு நடுவில் செடியும் இடைவெளியும் காற்றும் இருக்கின்றன. நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, பனியும் வேர்வையும் ஒன்றாக. சரிவில் ஏறும் அந்த ஆளின் மாஸ்க் கொஞ்ச நேரத்தில் நனைந்து மூக்கோடு ஒட்டிவிடும். நனைந்த துணி வழியே மூச்சு இழுக்க முடியாது, காற்று கன்னத்து ஓரமாகப் புகும். வடிகட்டலும் போச்சு, மூச்சும் போச்சு. மலையில் மாஸ்க் வேண்டாம் என்று தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

வேண்டியது காலையில் பேர் பதியும் பிரட்டில் நெருங்கி நிற்கும்போது, லொறியிலும் பஸ்ஸிலும், டிஸ்பென்சரி வரிசையில், எழவு வீட்டின் உள்ளே. எல்லாவற்றுக்கும் மேலே பெக்டரியில். கொழுந்தை உருட்டும் ரோலிங் அறையில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். கத்துவதற்காக மாஸ்க்கை இறக்குவார்கள். சத்தம் போட்டுப் பேசும்போதுதான் நுண்துளி அதிகம் வெளியேறும். ஆக, போட வேண்டிய நேரம் பார்த்துத்தான் மாஸ்க் தாடைக்குப் போகிறது. கையால் காட்டக்கூடியதைக் கையால் காட்டுங்கள், மற்றதை வெளியே வந்து பேசுங்கள்.

நீல நிற சேர்ஜிக்கல் மாஸ்க்கில் மூன்று அடுக்கு. வெளி அடுக்கு நீரை ஒட்ட விடாது, உள் அடுக்கு ஈரத்தை உறிஞ்சும். உண்மையில் வடிகட்டுவது நடு அடுக்கு, அதிலுள்ள நிலைமின்னூட்டம்தான் நுண்துளியைப் பிடிக்கிறது. சோப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வேலை செய்யாது. காசு இறுக்கம் என்றால் கழுவாமல் கடதாசி உறையில் போட்டுக் காய்ந்த இடத்தில் வையுங்கள், நாலைந்து நாள் கழித்து மறுபடி போடலாம். பொலித்தீன் பையில் வைத்தால் நம் ஈரக் காலநிலைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். வார் தளர்ந்தால், நனைந்து ஊறினால் எறிந்துவிடுங்கள்.

கன்னத்தில் இடைவெளி விழுந்தால் காது வாரை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, புடைத்து நிற்கும் மடிப்பை உள்ளே தள்ளுங்கள். மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்துங்கள். கண்ணாடி போடுகிறவருக்குக் கண்ணாடியில் மூச்சாவி படிந்தால் மேல்பக்கம் காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். வால்வு வைத்த மாஸ்க் போட்டவரின் மூச்சு வடிகட்டாமலே வெளியே வரும். முகத்துக்கு முன் தொங்கும் பிளாஸ்டிக் தகடு மட்டும் இருந்தால் அது மாஸ்க் கணக்கில் சேராது.

"ஆராய்ச்சியிலேயே மாஸ்க் வேலை செய்யவில்லை" என்கிறவர்கள் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட மீளாய்வைக் காட்டுவார்கள். அந்த முடிவை அப்படி விளங்கிக்கொள்வது தவறு என்று கொக்ரேனின் தலைமை ஆசிரியரே அதே ஆண்டு மார்ச்சில் அறிக்கை விட்டார். நம் சூழலுக்குக் கிட்டியது பங்களாதேஷில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வு. ஊக்கப்படுத்தியதில் சரியாக மாஸ்க் போடுவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தனர். சேர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு கூடிய தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது, 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் சுமார் 35 சதவீதம். துணி மாஸ்க்குக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. பாதிப் பேர்கூடப் போடாத நிலையில் கிடைத்த கணக்கு இது. மாஸ்க் முழுக் கவசமும் இல்லை, வெறும் கந்தலும் இல்லை. வீட்டில் வயசாளி இருந்தால் நல்லதைப் போடுங்கள்.

இனி லொக்டவுன். 2020 மார்ச் 20 ஊரடங்கை நான் குறை சொல்ல மாட்டேன், அப்போது யாருக்கும் எதுவும் தெரியாது. அதிலும் தேயிலை வேலைக்கு அனுமதி இருந்தது. ஏற்றுமதி வருமானத்துக்காக எடுத்த முடிவு என்றாலும் சுகாதாரக் கணக்கிலும் அது சரி, ஏனென்றால் நாள் முழுக்க இருக்கக்கூடிய இடங்களில் மலைதான் பாதுகாப்பு. கோளாறு வேறிடத்தில். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை பார்த்த நம் பிள்ளைகள் வேலை போனதும் ஊர் திரும்பினார்கள். நாலு பேர் படுத்த லயத்துக் காம்பராவில் (அறையில்) எட்டுப் பேர். நகரத்தில் ஆட்களைப் பிரித்து வைத்த லொக்டவுன் லயத்தில் ஆட்களை நெருக்கியது. பிறகு கதவில் ஒரு தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர், 14 நாள். கக்கூஸ் மட்டும் எல்லாருக்கும் பொது! பொதுக் கக்கூஸை ஒருவர் பாவித்ததும் கதவைத் திறந்துவிட்டு, அடுத்தவர் பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துப் போனால் அதுவே பெரிய தடுப்பு. அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு.

பள்ளிக்கூடத்தையும் சொல்ல வேண்டும். அரைச்சுவர் வைத்த தோட்டப் பாடசாலை மண்டபத்தைவிடக் காற்றோட்டமான கட்டடம் நம்மிடம் கிடையாது. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளை 2021 ஒக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். அதுவரை பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறினார்கள். நாடு முழுக்க ஒரே பூட்டுப் போட்டதன் விலை அது.

உண்மையான ஆபத்து இரவில், காம்பராவுக்குள். யாரும் மாஸ்க்கோடு தூங்கப் போவதில்லை. குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் மூடி இடுக்கில் சாக்கைத் திணிப்போம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்பக்கத்து ஜன்னலுக்கு வழியே இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, உயரம் எட்டடி என்று வைத்தால் உள்ளே சுமார் 27 கன மீற்றர் காற்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனமான சிடிசி 2023இல் வைத்த இலக்குப்படி அது மணிக்கு ஐந்து தடவை மாற வேண்டும், அதாவது 135 கன மீற்றர். மணிக்கு 150 கன மீற்றருக்கு மேல் இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் ஆறு அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று போதும். அடுப்பு இருக்கும் பக்கத்துச் சுவரில், மேலே பூட்டுங்கள். மறுபக்கத்தில் பூட்டினால் அடுப்புப் புகையைப் படுக்கைக்கு இழுத்துவிடும். கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள், உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். 25 வொட் ஃபேன் இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் ஆறு யூனிட்.

ஆனால் லயத்துச் சுவரில் துளை போடத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், வீடு நம் பெயரில் இல்லையே. மாஸ்க் சண்டைக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். லயம் லயமாகக் கையெழுத்து வாங்கி, மேலே சொன்ன அளவுகளை எழுதி, தொரைக்கு (தோட்ட மேலாளருக்கு) ஒரு கடிதம், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு ஒரு பிரதி. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவையும் அந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.