ஏறின கியர்லயே இறங்கணும்: இதை போர்டுல எழுதுங்க

நீலகிரி மலைப்பாதைகளில் 'மெதுவாகச் செல்லவும்' போர்டுக்குப் பஞ்சமில்லை. பர்லியாரில் இருக்கு, காட்டேரியில் இருக்கு, குஞ்சப்பனை தாண்டி வளைவுக்கு வளைவு இருக்கு. எழுதினவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் சமவெளியில் ஓட்டிப் பழகினவருக்கு 'மெதுவாக' என்றால் ஒரே அர்த்தம்தான்: பிரேக்கை மிதி. அதைத்தான் குன்னூரில் ஆரம்பித்து கல்லாறு வரைக்கும் செய்கிறார்கள். போர்டு சொன்னபடி கேட்டவருக்குத்தான் பிரேக் போகிறது.

கணக்குப் பாருங்கள். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஐந்து பேரும் லக்கேஜுமாக ஒன்றரை டன் வரும் கார் அந்த 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை எஞ்சின் இழுத்துப் பிடிக்கணும், இல்லையென்றால் உள்ளங்கை அகல பிரேக் பேடுகள் சுமக்கணும். மூன்றாவது வழி கிடையாது.

பேடு சூடேறினால் முதலில் கருகல் வாடை வரும். 'கிளட்ச் வாடையா இருக்கும்' என்று ஜன்னலை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அடுத்து நடப்பது இரண்டில் ஒன்று. பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. பேடு பிடிப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். அல்லது பெடல் பஞ்சு மாதிரி அடிவரைக்கும் போகும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. டாட்-3 ஆயில் புதிதாக ஊற்றினால் 205 டிகிரி வரை தாங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் ஜாதி. ஈரம் ஏறின பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். எஞ்சின் ஆயிலை மாற்றுகிறவர்கள் பிரேக் ஆயிலை மறந்துவிடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகணும்.

மலை டிரைவர்கள் காலங்காலமாகச் சொல்வது ஒரே வரி: ஏறின கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் ஏறின ஏற்றத்தை இரண்டாவதில்தான் இறங்கணும், கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் முதல் கியர். எஞ்சின் உறுமும், உறுமட்டும், அதுதான் வேலை செய்கிற சத்தம். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போகாமல், வளைவுக்கு முன்னால் ஒருமுறை நன்றாக அழுத்தி வேகத்தை இறக்கிவிட்டுக் காலை எடுத்துவிடணும். பேடு ஆறுவதற்கு அந்த இடைவெளிதான்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிற நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடித்துக்கொண்டே வரும். எஞ்சினையே அணைப்பவர்கள் இன்னும் மோசம். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் காற்றிழுப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், ஸ்டியரிங் பாறையாகும். அவசரத்தில் சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் கார்காரர்கள் 'நமக்குத்தான் கியரே இல்லையே' என்று டி-யிலேயே இறங்குகிறார்கள். அதிலும் எல் என்றோ 2 என்றோ, இல்லாவிட்டால் மேனுவல் மோடு என்றோ ஏதாவது ஒன்று இருக்கும். இறக்கம் ஆரம்பிக்கும் முன்னாலேயே அதில் போட்டுவிடணும். வாடகை ஸ்கூட்டர் வேறு சங்கதி. வேகம் ஓரளவுக்குக் கீழே போனதும் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் பிடிப்பே இருக்காது. மொத்தப் பாரமும் பிரேக்கில்தான். இரண்டு பேர் உட்கார்ந்து இறங்கினால் நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள்.

வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள், இருபது முப்பது நிமிஷம். தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கிற டிரம்மும் டிஸ்க்கும் வெடிப்பு விடும், நெளியும். மூக்கு இறக்கத்தைப் பார்த்து நிற்கிற வண்டியை ரிவர்ஸ் கியரில் போட்டு, டயருக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஓடும்போதே பிரேக் போய்விட்டால்: பெடலை வேகவேகமாக மிதித்து மிதித்து விடுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹார்ன், லைட் எல்லாம் போடுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் மலைப்பக்கம் ரோட்டோரமாக ஓடும் மழைநீர் ஓடையிலோ மண்மேட்டிலோ உரசி நிறுத்துங்கள். கதவு போனால் போகட்டும், பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் வேண்டாம்.

இத்தனையையும் போர்டில் எழுத முடியாதுதான். எழுத வேண்டியது மூன்று சொல்: 'இரண்டாம் கியரில் இறங்கவும்'. அப்படி எழுதிய ஒன்றிரண்டு போர்டுகளும் பாதி இறக்கம் தாண்டி, உண்ணிச்செடிக்குப் பின்னால் நிற்கின்றன. நாலாவது கியரில் வேகமெடுத்துவிட்டவருக்கு அங்கே படித்து என்ன பிரயோஜனம்? இறக்கம் தொடங்கும் முன்னால், வண்டியை ஓரங்கட்ட இடமிருக்கும் இடத்தில் வைக்கணும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதைக்குத் தலைகுந்தாவில், கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில். கொடைக்கானல் அடிவாரக் காட்ரோட்டில் இறங்கி முடித்தவருக்கு அது தேவையில்லை. தமிழோடு கன்னடம், மலையாளம், கூடவே எழுத்தே தெரியாதவருக்கும் புரிய கியர் நாப் படத்தில் 2 என்ற எண்.

கல்லட்டியில் 36 கொண்டை ஊசி. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை வந்தது. தடை சரி. ஆனால் அதே ஆள் அதே பிரேக்கோடு குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோதானே இறங்குகிறார்.

இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. எண்ணுவதோடு வேலை முடிகிறது. வெளியூர்க்காரரின் போன் நம்பர் அரசாங்கத்திடம் இருக்கிறது, திரும்பும் தேதி இருக்கிறது. கிளம்புகிற அன்று காலையில் ஒரு குறுஞ்செய்தி: இறங்கும்போது இரண்டாம் கியர், எஞ்சினை அணைக்காதே, ஏறும் வண்டிக்கு வழி விடு. கடைசியாகச் சொன்னது உபசாரம் இல்லை. குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடணும் என்று 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. கொண்டை ஊசியில் பஸ் திரும்ப முழு ரோடும் வேணும். வளைவுக்குள் மூக்கை நுழைத்தபின் நின்று பயனில்லை, முன்னாலேயே நிற்கணும்.

மழைக்கால அறிவிப்புகளுக்கும் இதே வியாதி. 'மண்சரிவு, போக்குவரத்து நிறுத்தம்' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். தேதி இருக்காது. போன வருஷத்துப் படம் இந்த வருஷமும் வரும், பாதிப் பேர் பயந்து திரும்புவார்கள், உண்மையான எச்சரிக்கை வரும்போது மீதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். எந்த ரோடு, எங்கிருந்து எங்கே, எந்த வண்டிக்கு, எத்தனை மணிக்குச் சொன்னது, மாற்றுவழி எது, அடுத்த தகவல் எப்போது. இவை படத்துக்குள்ளேயே இருக்கணும், கீழே தனியாக எழுதினால் ஃபார்வர்டில் உதிர்ந்துவிடும். சந்தேகமிருந்தால் 1077, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை.

108-க்குக் கூப்பிடுகிறவர்கள் 'பெரிய மரத்துக்கிட்ட' என்கிறார்கள். மலையில் எந்த மரம் சின்ன மரம்? ரோட்டின் பெயர், ஏறுகிற பக்கமா இறங்குகிற பக்கமா, கடைசியாகப் பார்த்த கொண்டை ஊசி நம்பர் அல்லது கிலோமீட்டர் கல்லில் உள்ள எண். சிக்னல் அறுந்தாலும் இந்த மூன்றும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, முட்டுக் கொடுத்த கல். பிரேக் ஆறியதும் கல்லை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பனிமூட்டத்தில் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அது தெரியாது. எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள், ஓடைக்குள் மட்டும் போடாதீர்கள். மழைத்தண்ணீர் அடைத்து ரோட்டில் ஏறும்.