நரம்பு அடிபட்டால் கையை அசைக்கவே கூடாதா?
‘நரம்பு அடிபட்ட கையை ஆறு மாசம் அசைக்காதீங்க, பிசியோதெரபி செய்தால் நரம்பு அறுந்துவிடும்’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

துளி உண்மை இருக்கிறது. அறுந்த நரம்பைத் தைத்தால், தையல் இழுபடாமலிருக்க சுமார் மூன்று வாரம் கட்டுப் போட்டு வைப்பார்கள். அதைத்தான் யாரோ ஆறு மாதமாக நீட்டிவிட்டார்கள்.

மேல்கை எலும்பு முறியும்போது ரேடியல் நரம்பு (மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த உதவும் நரம்பு) அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும். டம்ளரை எடுக்கப் போனால் கை கவிழும். அடிபட்ட இடத்திலிருந்து நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் மீண்டும் வளரும்; தசையை எட்ட மாதக்கணக்காகும். அதுவரை சும்மா விட்டால் மூட்டுகள் இறுகிவிடும். பிறகு நரம்பு வந்து சேர்ந்தும் மடங்காத விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குத்தான் மற்ற கையால் மணிக்கட்டையும் விரல்களையும் தினமும் மெல்ல நிமிர்த்தி மடக்குவது, ஸ்ப்ளின்ட் (மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) கட்டுவது எல்லாம். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார்.

பயிற்சி நரம்பை வேகமாக வளர்க்காது. ‘பத்தே நாளில் சரி’ என்பவர்களையும் நம்பாதீர்கள். உணர்ச்சியற்ற இடத்தில் சூடான ஒத்தடமும் வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.