பழைய பாகங்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

குறைந்த செலவில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று யார் கேட்டாலும், "இருப்பதிலேயே விலை குறைந்த புது லேப்டாப்பை வாங்கிடு" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. பழைய பாகங்களைப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தால், அதே பணத்துக்கு அதைவிட நல்ல டெஸ்க்டாப் கிடைக்கும். எது பழசாக இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் லேசில் கெடாது. பெரும்பாலும் அதைச் சுமக்கும் மதர்போர்டுதான் முதலில் போகும். ரேமும் நம்பகமானதுதான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற புரோகிராமைப் போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரு எரர்கூட வரவில்லையென்றால் தாராளமாக வாங்கலாம்.

பவர் சப்ளை மட்டும் புதுசாகத்தான் வாங்க வேண்டும். இதில் நான் இறங்கி வரவே மாட்டேன். உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருஷக்கணக்கில் வெந்து வலுவிழந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அது சாகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். '80 பிளஸ்' முத்திரையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். மின்சாரத்தை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்பதற்குத்தான் அந்த முத்திரை, பாதுகாப்புக்கு இல்லை.

எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிரைவ்) புதுசே நல்லது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஹார்டு டிஸ்க் நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் இடம் மாறி மாறிப் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் தடவை படிக்கும். பழைய மெஷின் 'ஸ்லோ' என்று ஓரங்கட்டப்படுவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

மதர்போர்டு வாங்கும்போது நேரில் பார்த்தே வாங்குங்கள். இன்டெல் என்றால் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் மூடியைத் திறந்து, மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். பின்கள் எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் வேறு மாதிரி மின்னினால் அவை வளைந்திருக்கின்றன, அந்த போர்டை வாங்காமல் விட்டுவிடலாம். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் என்றால் பின்கள் பிராசஸரிலேயே இருக்கும். பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும்போது கூலரை வெடுக்கென்று இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடானதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை லேசாகத் திருகி எடுக்க வேண்டும்.

ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் போன்ற அலுவலகக் கழிவு மெஷின்கள் படிக்க, எழுத, கணக்குப் பார்க்கத் தாராளம். ஆனால் பலவற்றில் பவர் கனெக்டர் தனி ரகம், வெளியே வாங்கும் சப்ளை நேராகப் பொருந்தாது. இந்த மெஷின்களில் கேம் ஆட ஆசைப்பட்டால், தனி பவர் கேபிள் இல்லாமல் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே கிடைக்கும் 75 வாட்டில் ஓடும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி கிராபிக்ஸ் கார்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பின்னால் மேம்படுத்தும் எண்ணம் இருந்தால் என் ஓட்டு ஏஎம்4-க்குத்தான். இன்று ரைசன் 5 2600 போட்டுவிட்டு, பி450 போர்டின் பயாஸை (மெஷினை எழுப்பும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்து, அப்புறம் ரைசன் 5 5600-க்குப் போகலாம்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலோ, சில விதிவிலக்குகள் போக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறாம் தலைமுறை ஐ5-6500 மெஷின்களை இந்த ஒரு காரணத்துக்காகக் குப்பைக்கு அனுப்புவது எனக்குத் தாங்கவே முடியாத அநியாயமாகப் படுகிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பாருங்கள், இன்னும் பல வருஷம் உழைக்கும்.

விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டும் என்பவர்கள் எட்டாம் தலைமுறை ஐ5-8400 பக்கம் போகலாம். ஒன்று கவனம்: ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் இதற்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை (பி360 மாதிரி) போர்டுதான் வேண்டும். பி250 போர்டில் பிராசஸர் உட்காரும், மெஷின் எழுந்திருக்காது. விற்பவர் "1151 தான் சார், போகும்" என்று சொன்னாலும், போர்டில் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.